ஓர் எழுத்து விடுபட்ட துண்டு: டென்னிஸ் ரிச்சியின் வாழ்வும் எங்கள் பெயர்களும்

2005ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் முதல் வாரம். கல்முனைக்குடிக் கடற்கரையில் வீடுகள் இருந்த இடமெல்லாம் வெறும் அத்திவாரங்களாகக் கிடந்தன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை டிசம்பர் 26 கொண்டுபோயிருந்தது. தப்பியவர்கள் பாடசாலை வகுப்பறைகளில் தங்கியிருந்தார்கள். அப்படியான ஒரு முகாமில், மேசையொன்றின் மேல் பழைய கணினியையும் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரையும் வைத்து, நிவாரணத்துக்கான துண்டுகளை அச்சடித்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஊரில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் அந்த வாரம் அந்த முகாமில் கணினி தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கும் சி மொழியைத் தவிர வேறொன்றும் ஒழுங்காகத் தெரியாது. யுத்த காலத்தில், கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து ஒரு சிறிய கொம்பியூட்டர் கிளாஸில் படித்தது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த உறவினர் காக்கா ஒருவர் கொண்டுவந்து தந்த போட்டோ கொப்பிப் புத்தகம்தான் எனது ஒரே ஆசான். அதன் அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று பிரையன் கெர்னிகன், மற்றது டென்னிஸ் ரிச்சி. அவர்கள் யாரென்று நான் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை.

துண்டுகள் இரண்டு வகை. வீட்டை இழந்தவர்களுக்கு ஒன்று. அதில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வரும். ஆளை இழந்தவர்களுக்கு இன்னொன்று. அதில் இவை இரண்டோடு, கடலில் போனவரின் பெயரும் வரும். முதல் வகையை நான் நன்றாகச் சோதித்திருந்தேன். இரண்டாவது வகையை அன்று மாலை அவசரத்தில் எழுதினேன். ஜெனரேட்டர் நிற்பதற்கு முந்திய சில நிமிடங்களில் பத்துப் பன்னிரண்டு துண்டுகளை அச்சடித்து, பார்க்காமலே கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலையில் ஒரு மாமி என்னைத் தேடி வந்தார். வரிசையில் நின்ற அவரைத் துண்டு பிழையென்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவருக்கு ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் துண்டை என் மேசையில் வைத்து, கடைசி வரியை விரலால் தடவிக்காட்டினார். அவரது அடையாள அட்டை இலக்கத்துக்குப் பதிலாகக் கழித்தல் குறியோடு ஏதோவொரு நாலைந்து இலக்க எண் விழுந்திருந்தது. அவரது மகனின் பெயர் வரவேண்டிய இடத்தில் பெயரே இல்லை. உடைந்த கோடுகளும் அர்த்தமற்ற அடையாளங்களும்தான் இருந்தன.

நான் விட்டது ஒரேயோர் எழுத்து. அந்த ஓர் எழுத்தைப் பற்றிய விதியை எங்கள் கையில் தந்துவிட்டுப் போனவரின் கதைதான் இது.

வெற்றிடமும் அதன் பெயரும்

முதலில் விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். படிவத்தில் வாசகம் ஏற்கனவே அச்சிடப்பட்டிருக்கும். பெயர், முகவரி, இலக்கம், திகதி ஆகியவற்றுக்கு மட்டும் புள்ளிக்கோடு விட்டிருப்பார்கள். ஆயிரம் பேருக்கு ஒரே வாசகம்; புள்ளிக்கோட்டில் வருவது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

கணினி நிரலிலும் இதேதான் நடக்கிறது. ஒரேயொரு வித்தியாசம், அங்கே புள்ளிக்கோட்டுக்குப் பதிலாகச் சதவீதக் குறியும் அதையடுத்து ஓர் எழுத்தும் வரும். %டி என்றால் இவ்விடத்தில் ஒரு முழு எண் வரும் என்று பொருள். %எஃப் என்றால் தசம எண். %சி என்றால் ஒற்றை எழுத்து. %எஸ் என்றால் எழுத்துகள் கோத்த சரம், அதாவது பெயர், ஊர் போன்றவை. குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் 20 என்று போட்டால் இருபது எழுத்து அகலத்தில் இடம் ஒதுக்கும். அந்த 20க்கு முன்னால் ஒரு புள்ளியும் வைத்துவிட்டால் பெயரை இருபதாவது எழுத்தோடு வெட்டிவிடும். நீளமான பெயர்களைக் கொண்ட எங்களில் பலருடைய பெயர்கள் பட்டியல்களில் பாதியோடு நிற்பதற்கு இப்படியான வெட்டும் ஒரு காரணம். இவற்றை வடிவக் குறிகள் என்று சொல்லலாம். சி மொழியில் இவற்றை வாசித்து அச்சிடும் கட்டளையின் பெயர் பிரின்ட்எஃப். கடைசியில் வரும் எஃப், வடிவம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.

இந்த எண்ணம் ரிச்சியோடு தொடங்கியதல்ல. 1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜோன் பேக்கஸின் குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியிலேயே, எந்த இடத்தில் எந்த வகை எண் எத்தனை இலக்கத்தில் வரவேண்டும் என்று சொல்லும் தனிக் கூற்று இருந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸின் பிசிபிஎல் மொழியிலும் இதையொத்த வழி இருந்தது. ஆனால் இன்று உலகம் முழுவதும் பாவிக்கும் அந்தச் சதவீதக் குறியையும் எழுத்துகளையும் உலகுக்குக் கொண்டுசென்றது சி மொழிதான்.

ஒரு தொலைபேசிப் பொறியியலாளரின் மகன்

டென்னிஸ் ரிச்சி 1941 செப்டெம்பர் 9ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் பிரொங்க்ஸ்வில்லில் பிறந்தார். தகப்பன் அலிஸ்டெயர் ரிச்சி பெல் ஆய்வுகூடத்தில் தொலைபேசி இணைப்பு முறைகளில் வேலைசெய்தவர். இணைப்புச் சுற்றுகள் பற்றிய புத்தகமொன்றை வேறிருவரோடு சேர்ந்து எழுதியவர். பிள்ளை வளர்ந்தது நியூ ஜேர்சியின் சம்மிட் என்ற ஊரில். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தார். அங்கே கணினியைப் பற்றிய விரிவுரையொன்றைக் கேட்டபின் மனம் அந்தப் பக்கம் திரும்பியது. மேற்படிப்பில் பிரயோக கணிதம் எடுத்து, கணிப்பின் சிக்கலளவு பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டை 1968இல் எழுதினார்.

அந்த ஆய்வேட்டுக்கு நடந்தது எங்களுக்கு அந்நியமானதல்ல. ஆய்வு முடிந்திருந்தது. ஆனால் பட்டம் பெறுவதற்கு, கட்டிய பிரதியொன்றை நூலகத்தில் ஒப்படைக்க வேண்டுமென்று விதி இருந்தது. ரிச்சி அதை ஒப்படைக்கவில்லை. ஆகவே பட்டமும் கிடைக்கவில்லை. உலகமெங்கும் கலாநிதிகள் அவரது புத்தகத்தை வைத்துப் படிப்பித்தார்கள்; அவர் கடைசிவரை கலாநிதி ஆகவில்லை. அந்த ஆய்வேட்டின் பிரதி, அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து 2020இல்தான் கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தால் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஒரு காகிதம் குறைந்ததால் வருடக்கணக்கில் அலைந்தவர்கள் எங்களில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். ரிச்சி அலையவில்லை, அவருக்கு அந்தக் காகிதம் தேவைப்படவுமில்லை. அந்த வசதி எங்களுக்கு வாய்க்கவில்லை என்பதே வித்தியாசம்.

1967இல் அவர் தகப்பன் வேலைசெய்த அதே பெல் ஆய்வுகூடத்தில், முறே ஹில்லில் சேர்ந்தார். அப்போது பெல், எம்ஐடி பல்கலைக்கழகம், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆகிய மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்றொரு பெரிய பணிசெயல் முறைமையைக் கட்டிக்கொண்டிருந்தன. வேலை இழுபட்டது. 1969இல் பெல் விலகிக்கொண்டது. கையில் ஒன்றுமில்லாமல் நின்ற சிலர், மூலையில் கிடந்த பிடிபி-7 என்ற சிறிய இயந்திரமொன்றில் தங்களுக்கென ஒன்றைச் செய்துகொள்ளத் தொடங்கினார்கள். முதலடி வைத்தவர் கென் தொம்சன். ரிச்சி தோளோடு தோள் நின்றார். அதிலிருந்து வந்ததுதான் யுனிக்ஸ். எங்கள் கைத்தொலைபேசிகளுக்குள் இருக்கும் முறைமைகள் இன்றும் அதன் வழிவந்தவையே.

எல்லாம் ஒன்றாய் இருந்த மொழி

தொம்சன் பிசிபிஎல் மொழியைச் சுருக்கி பி என்றொரு மொழியைச் செய்தார். அந்த மொழியில் எண், எழுத்து, முகவரி என்ற வேறுபாடு கிடையாது. எல்லாமே ஒரே அளவான பெட்டிகள். பெட்டிக்குள் இருப்பது ஒருவரின் வயதா, பெயரின் தொடக்கமா என்று பெட்டிக்குத் தெரியாது. அச்சிடும் நேரத்தில் மட்டும் பிரின்ட்எஃப் கட்டளையில் வரும் எழுத்து அதைச் சொல்லும். %டி என்றால் அதே பெட்டி எண்ணாக வெளிவரும், %எஸ் என்றால் சரமாக வெளிவரும்.

புதிதாக வந்த பிடிபி-11 இயந்திரத்தில் இது சரிவரவில்லை. ஒற்றை எழுத்துகளைத் தனித்தனியே கையாளக்கூடிய இயந்திரம் அது. ஒவ்வொரு பெட்டியும் தன்னுள் இருப்பது என்ன வகை என்று முன்கூட்டியே சொல்லவேண்டிய தேவை வந்தது. 1971 முதல் 1973 வரையான காலத்தில் ரிச்சி இந்த வகைப் பிரிப்பை மொழிக்குள் கொண்டுவந்தார். அப்படித்தான் சி பிறந்தது. 1973இல் யுனிக்ஸின் கருப்பகுதியையே சி மொழியில் திரும்ப எழுதினார்கள். அதுவரை இப்படியான முறைமைகளை அந்தந்த இயந்திரத்தின் சொந்த மொழியில்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். இயந்திரம் மாறினால் எல்லாவற்றையும் புதிதாக எழுதவேண்டும். சி வந்தபின் முறைமை ஊர்விட்டு ஊர்போகக் கற்றுக்கொண்டது.

ஆனால் பிரின்ட்எஃப் மட்டும் பழைய மொழியின் பழக்கத்தோடு தங்கிவிட்டது. எத்தனை பொருள்களை, எந்த வகையில் கொடுத்தாலும் அது வாங்கிக்கொள்ளும். வடிவக் குறி சொல்வதை அப்படியே நம்பும். குறி எண் என்று சொன்னால், வந்திருப்பது பெயராக இருந்தாலும் எண்ணாகவே வாசிக்கும். சரிபார்ப்பது எழுதுபவரின் பொறுப்பு. ரிச்சியின் மொழி நிரலாளரை நம்பும் மொழி. கெட்டிக்காரர்களுக்கு அது சுதந்திரம். ஜெனரேட்டர் நிற்கப்போகிறதென்று அவசரப்படுபவனுக்கு அது பள்ளம்.

நான் விழுந்த பள்ளம்

எங்கள் பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்கள் இருந்தன, கடைசியில் வி அல்லது எக்ஸ் என்றோர் எழுத்து. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும்.

நான் பாவித்த டர்போ சியில் சாதாரண முழு எண்ணுக்கு இரண்டு பைட் இடம்தான். 32,767க்கு மேல் அது தாங்காது. ஒன்பது இலக்கத்துக்கு நான்கு பைட் கொண்ட நீள எண் வேண்டும். அதை அச்சிட %டி போதாது, நடுவில் ஓர் எல் சேர்த்து %எல்டி என்று எழுதவேண்டும். முதல் துண்டில் சரியாக எழுதிய நான் இரண்டாவதில் அந்த எல்லை விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். நான்கு பைட் கொடுத்தேன். %டி இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் கழித்தல் குறியோடு ஏதோவொரு எண்ணாக அச்சிட்டது. மிஞ்சிய இரண்டு பைட் அங்கேயே கிடந்தது. அடுத்து வந்த %எஸ், மகனின் பெயர் இருக்கும் இடத்தின் முகவரியென்று நினைத்து அந்த மிச்சத்தை எடுத்தது. அது காட்டிய இடத்தில், நினைவகத்தின் எங்கோ ஒரு மூலையில் கிடந்த குப்பையை அச்சிட்டது. மகனின் பெயர் பத்திரமாகத்தான் இருந்தது. அதை எடுக்க எந்தக் குறியும் மிஞ்சியிருக்கவில்லை.

தாயின் இலக்கத்தில் விட்ட பிழை மகனின் பெயரை அழித்தது. பட்டியல்களோடு வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சோதனைச்சாவடிப் பட்டியல், இடம்பெயர்ந்தோர் பட்டியல், காணாமல்போனோர் பட்டியல் என்று முப்பது வருடங்கள் எங்கள் பெயர்கள் யாரோ எழுதிய வெற்றிடங்களுக்குள்தான் இருந்தன. ஒரு பட்டியலில் பெயர் இருந்ததால் போனவர்கள் உண்டு. இன்னொரு பட்டியலில் பெயர் இல்லாததால் எதுவும் கிடைக்காதவர்கள் உண்டு. முதலெழுத்து மாறியதற்காக நாள்கணக்கில் விளக்கம் சொன்னவர்கள் உண்டு. தமிழர், முஸ்லிம் என்று அது ஆள் பார்க்கவில்லை.

அன்றிரவு ஒரு எல்லைச் சேர்த்து, பன்னிரண்டு துண்டுகளையும் திரும்ப அச்சடித்தேன். மாமியின் துண்டை நானே கொண்டுபோய்க் கொடுத்து, பிழையானதை வாங்கிக்கொண்டேன்.

தமிழ் கேட்கும் ஒழுங்கு

பின்னாளில் மென்பொருள்களைத் தமிழாக்கும் வேலைகளைக் கவனித்தபோது, அதே பள்ளம் இன்னொரு இடத்தில் இருந்ததைக் கண்டேன். ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்பிய செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அனுப்பியவர், தொகை, பெறுபவர் என்ற ஒழுங்கு வரும். தமிழில் பாத்திமா ரஹீமுக்கு 500 ரூபா அனுப்பினார் என்போம். பெறுபவர் நடுவுக்கு வந்துவிடுவார். மொழிபெயர்ப்பவர் குறிகளை மட்டும் இடம்மாற்றி வைத்தால், நிரல் பழைய ஒழுங்கிலேயே பொருள்களைக் கொடுக்கும். தொகை பெயராகவும் பெயர் தொகையாகவும் வாசிக்கப்பட்டு நிரலே விழுந்துவிடும். இதற்காக, எத்தனையாவது பொருள் என்று குறிக்குள்ளேயே எண்ணிட்டு, %3$எஸ் என்று எழுதும் வழி யுனிக்ஸ் உலகில் பின்னர் வந்தது. மூன்றாவது பொருளை எடுத்து இங்கே வை என்பது அதன் பொருள். இந்த ஒரு வசதியால் தமிழ் வசனம் தமிழாகவே நிற்க முடிந்தது.

முழுமையாக அல்ல. ரஹீம் ரஹீமுக்கு ஆவார், பாத்திமா பாத்திமாவுக்கு ஆவார், அலி அலிக்கு ஆவார். பெயரின் ஈறு பார்த்துத்தான் தமிழ் வேற்றுமை உருபைச் சேர்க்கும். %எஸ் அந்த ஈற்றைப் பார்ப்பதில்லை. ஆகவேதான் கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளில் பெயர் ஒரு பக்கம், உருபு ஒரு பக்கம் என்று ஒட்டாமல் நிற்கிறது. நான் மாணவர்களுக்குச் சொல்லும் எளிய வழி, வசனத்தை மாற்றி, பெறுநர் என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து, பெயரைத் தனியே விடுவதுதான். பெயர் யாருக்காகவும் வளையாமல் முழுதாக நிற்கும்.

ஒரு கிழமை பிந்திய மரணம்

கெர்னிகனும் ரிச்சியும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1978இல் வெளிவந்தது. 1983இல் தொம்சனுக்கும் ரிச்சிக்கும் கணினித்துறையின் அதியுயர் விருதான டியூரிங் விருது கிடைத்தது. 1999இல் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் இருவருக்கும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அணிவித்தார். இவ்வளவுக்குப் பிறகும் ரிச்சி அதே ஆய்வுகூடத்தில்தான் இருந்தார். சொந்த நிறுவனம் தொடங்கவில்லை. கூச்ச சுபாவமுள்ளவர், திருமணம் செய்துகொள்ளாதவர், இரவில் வெகுநேரம் வேலைசெய்பவர். 2007இல் ஓய்வு பெற்றார். 2011இல் ஜப்பான் பரிசும் வந்தது.

அந்த ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி ஸ்டீவ் ஜொப்ஸ் காலமானார். உலகமே பேசியது. ஒரு கிழமை கழித்து, 12ஆம் திகதி, நியூ ஜேர்சியின் பேர்க்லி ஹைட்ஸில் தனியே வசித்த ரிச்சி வீட்டில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். வயது 70. ஜொப்ஸின் கருவிகள் ஓடியது யுனிக்ஸ் வழிவந்த முறைமையில், சி வழிவந்த மொழியில். ஆனாலும் ரிச்சியின் மரணம் துறைசார்ந்தவர்களைத் தாண்டி அவ்வளவாகப் போகவில்லை. நானே பல நாள் கழித்துத்தான் அறிந்தேன். அன்று இரவு போட்டோ கொப்பிப் புத்தகத்தை எடுத்து அட்டையில் அந்தப் பெயரை முதன்முறையாக நின்று வாசித்தேன்.

அவர் மீது எனக்கு ஒரு காலத்தில் கோபம் இருந்தது. ஏன் பிரின்ட்எஃப் சரிபார்க்காமல் விட்டது என்று. 2000ஆம் ஆண்டளவில், வெளியார் தரும் வாசகத்தையே வடிவமாக ஏற்றுக்கொண்ட நிரல்களை உடைத்து உள்ளே நுழையலாம் என்றும் தெரியவந்தது. பிந்திய தொகுப்பான்கள் குறியும் பொருளும் பொருந்தாவிட்டால் எச்சரிக்கின்றன. இன்று உயர்தர ஐசிடி மாணவர்கள் படிக்கும் பைதன், %டி இடத்தில் பெயரைக் கொடுத்தால் நேரடியாக மறுத்துவிடும். ஆனால் ரிச்சி அந்த மொழியைச் செய்தது, பக்கத்து அறையில் இருந்த சிலருக்காக. அது ஒருநாள் கல்முனைக்குடியில் கடலுக்குத் தப்பியவர்களின் கையில் துண்டாகப் போகுமென்று அவர் எண்ணியிருக்க நியாயமில்லை. எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவன் நான். அந்த வரிசையில் நிற்பவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். முதற்பாடம், வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் அச்சிடுவது. அரைவாசிப் பேர் இலக்கத்துக்கு %டி போடுவார்கள். இலக்கம் தானே என்பது அவர்கள் வாதம். அதைக் கூட்டப் போகிறீர்களா, கழிக்கப் போகிறீர்களா என்று கேட்பேன். கணக்குப் பார்க்காத இலக்கம் எண்ணல்ல, அதுவும் ஒரு பெயர்தான், அதற்கு %எஸ் போடுங்கள் என்பேன். முன்னால் சைபர் இருந்தாலும் பின்னால் வி இருந்தாலும் அப்போதுதான் அப்படியே வரும்.

பிறகு அந்தப் பழைய புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்துக்குள் வைத்திருக்கும் துண்டை எடுத்துக் கையில் கொடுப்பேன். மை மங்கிவிட்டது. பிள்ளைகள் அதை ஒருவர் மாறி ஒருவர் வாங்கிப் பார்ப்பார்கள். சிலர் கடைசி வரியை விரலால் தடவி, பெயர் எங்கே என்று தேடுவார்கள்.